27 அங்குல மானிட்டரில் தமிழ் வாசிக்கக் கண் வலிக்கிறது, எந்த ரெசொல்யூஷன் வைப்பது?

மெய்ப்புப்பேனா | ஞாயிறு, இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். மதுரையில் வீட்டிலிருந்தபடியே மெய்ப்பு பார்க்கிறேன், வயது 51. முன்பெல்லாம் பக்கங்களை அச்செடுத்துக் கொடுப்பார்கள், சிவப்புப் பேனாவால் திருத்திக் கொடுப்பேன். நாலைந்து வருடமாக எல்லாமே பிடிஎஃப் ஆகிவிட்டது. தினமும் ஆறேழு மணி நேரம் திரைமுன் உட்கார வேண்டியிருக்கிறது.

போன தீபாவளிக்கு மகன் 27 அங்குல மானிட்டர் வாங்கித் தந்தான். 1920×1080. திரை பெரிதென்றால் எழுத்தும் பெரிதாகத் தெரியும் என்றுதான் இருவரும் நினைத்தோம். பெரிதாகத்தான் இருக்கிறது, ஆனால் ஓரமெல்லாம் சொரசொரவென்று இருக்கிறது. இன்னும் பெரிதாக வேண்டும் என்று சொன்னேன், 1600×900 என்று மாற்றிவிட்டுப் போனான். அதிலிருந்து எழுத்துகள் எண்ணெய் பட்ட காகிதத்தில் தெரிவது போல மங்கலாகத் தெரிகின்றன. சாயங்காலம் ஆனால் நெற்றிப்பொட்டு வலி.

வலியைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். போன மாதம் ஒரு நூலில் "நிதி" என்று இருக்க வேண்டிய இடத்தில் "நீதி" என்று இருந்ததைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன். அச்சாகி வந்த பிறகுதான் கண்ணில் பட்டது. இந்த வேலையில் 22 வருடம் இருக்கிறேன், அந்த ஒரு சுழிக்காக இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. எந்த ரெசொல்யூஷன் வைத்தால் கண்ணுக்கு இதம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


திருப்புளி | ஞாயிறு, இரவு 10.15

அக்கா, வணக்கம். திருநெல்வேலியில் கணினி பழுது பார்க்கிறேன். உங்களைப் போலவே கேட்டு மாதம் பத்துப் பேராவது கடைக்கு வருகிறார்கள்.

முதல் வேலையாக 1600×900ஐ மாற்றி 1920×1080க்குக் கொண்டுவாருங்கள். விண்டோஸ் அமைப்புகளில் சிஸ்டம், டிஸ்பிளே என்று போனால் ரெசொல்யூஷன் பட்டியலில் ஒன்றின் பக்கத்தில் "பரிந்துரைக்கப்படுவது" என்று ஆங்கிலத்தில் இருக்கும். அதுதான் உங்கள் திரையின் இயல்பான அளவு.

பழைய டப்பா மானிட்டர் காலத்தில் ரெசொல்யூஷனைக் குறைத்தால் எழுத்து பெரிதாகும், பெரிய கேடு எதுவும் வராது. அங்கே எலக்ட்ரான் கற்றை கண்ணாடியில் கோடு இழுத்துக்கொண்டு போகும், 800×600 என்றாலும் 1024×768 என்றாலும் அதற்கேற்ப இழுத்துக்கொள்ளும். எல்சிடி அப்படி இல்லை. உங்கள் திரையில் குறுக்கே 1920, நெடுக்கே 1080 பிக்சல்களை, அதாவது படத்தை உருவாக்கும் பொடிப் புள்ளிகளை, தொழிற்சாலையிலேயே பதித்துவிட்டார்கள். கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. 1600×900 வைத்தால் 5 பிக்சலுக்கான படத்தை 6 பிக்சலில் இழுத்துப் பரப்ப வேண்டும். எழுத்தின் ஓரத்தில் உள்ள பிக்சல்கள் பெரும்பாலும் முழுக் கறுப்பாகவும் இரா, முழு வெள்ளையாகவும் இரா, இடையில் சாம்பல் நிறம்தான் வரும். நீங்கள் பார்க்கும் எண்ணெய்க் காகிதம் அதுதான்.

எழுத்து பெரிதாக வேண்டுமானால் அதே டிஸ்பிளே பக்கத்தில் "ஸ்கேல்" என்று இருக்கும். 100 சதவீதத்தை 125 ஆக்குங்கள். ரெசொல்யூஷன் அப்படியே இருக்கும், எழுத்தை மட்டும் கணினி பெரிதாக வரையும். வரைந்த பிறகு இழுப்பது ஒன்று, வரையும்போதே பெரிதாக வரைவது வேறொன்று. இந்த வித்தியாசம் பிடிபட்டால் பாதி வேலை முடிந்தது.

அப்புறம் ஒரு கேள்வி. மானிட்டருக்குப் போகும் கேபிளின் முனை எப்படி இருக்கிறது? நீல நிறமாக, இரண்டு பக்கமும் திருகு வைத்து இருக்கிறதா?


வாத்தியார்மகன் | திங்கள், காலை 7.05

திருப்புளி சொல்வதோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. அப்பாவுக்கு 71 வயது, ஓய்வுபெற்ற ஆசிரியர். 15.6 அங்குல மடிக்கணினி, 1920×1080. பிரித்த அன்றைக்கே "எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது" என்றார். நான் 1366×768 வைத்துக் கொடுத்தேன். மூன்று வருடமாகச் செய்தி படிக்கிறார், பேரனோடு வீடியோவில் பேசுகிறார், ஒரு குறையும் சொன்னதில்லை. வயதானவர்களுக்கு எழுத்து பெரிதாக இருந்தால் போதும், கூர்மையாக இருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்தா பார்க்கப்போகிறார்கள்?


திருப்புளி | திங்கள், காலை 8.30

தம்பி, அப்பாவுக்கு எழுத்து சிறிதாகத் தெரிந்ததற்குக் காரணம் உண்டு. 15.6 அங்குலத்தில் 1920×1080 என்றால் ஓர் அங்குலத்துக்கு 141 பிக்சல். விண்டோஸ் தன் கணக்கில் அங்குலத்துக்கு 96 என்று வைத்துத்தான் எழுத்தின் அளவைப் போடும். அதனால் 100 சதவீதத்தில் வைத்தால் 12 பாயிண்ட் எழுத்து திரையில் 8 பாயிண்ட் போல வந்து விழும். அவர் சொன்ன எறும்பு இதுதான்.

1920×1080க்கு மாற்றி ஸ்கேல் 150 வைத்துப் பாருங்கள். எழுத்து இப்போது இருக்கும் அளவைவிடச் சற்றுப் பெரிதாகவே இருக்கும். நாளிதழ்த் தளம் ஒன்றைத் திறந்து இரண்டையும் மாற்றி மாற்றிக் காட்டுங்கள், எது என்று சொல்லாமல் கேளுங்கள். அவருக்குப் பிடிக்கவில்லை என்றால் பழையபடியே வைத்துவிடுங்கள், கண் அவருடையது.


மெய்ப்புப்பேனா | திங்கள், காலை 10.20

தம்பி, 1920×1080 வைத்து 125 ஆக்கிவிட்டேன். மங்கல் நன்றாகக் குறைந்திருக்கிறது. கேபிள் நீங்கள் சொன்னது போலவே நீலம்தான், இரண்டு திருகு இருக்கிறது. சிபியுவின் பின்னால் பார்த்தேன், இன்னும் இரண்டு துளைகள் சும்மா இருக்கின்றன. ஒன்று தொலைக்காட்சியில் இருப்பது போன்றது. இன்னொன்று செவ்வகம், ஒரு மூலையை மட்டும் சாய்வாக வெட்டியது போல இருக்கிறது.


திருப்புளி | திங்கள், காலை 10.45

நீலக் கேபிள் விஜிஏ. கணினிக்குள் எண்ணாக இருக்கும் படத்தை மின்னலையாக மாற்றி அனுப்பும், மானிட்டர் அதைத் திரும்ப எண்ணாக மாற்றும். போகிற வழியில் எழுத்தின் ஓரம் கரையும். தொலைக்காட்சியில் இருப்பது போன்றது எச்டிஎம்ஐ. மூலை வெட்டியது டிஸ்பிளேபோர்ட், அது இருப்பது நல்ல செய்தி. இப்போதைக்கு ஒரு எச்டிஎம்ஐ கேபிள் மாட்டுங்கள். மாட்டியதும் தேடல் பெட்டியில் "கிளியர்டைப்" என்று ஆங்கிலத்தில் அடியுங்கள், அது எழுத்தைத் தெளிவாகக் காட்டும் விண்டோஸ் வசதி, ஒரு சோதனை வரும். எந்தப் பத்தி தெளிவாகத் தெரிகிறது என்று ஐந்து முறை கேட்கும். அவசரப்படாமல், எப்போதும் உட்காரும் இடத்தில் உட்கார்ந்து தேர்ந்தெடுங்கள்.


கணக்குப்பிள்ளை | திங்கள், மதியம் 1.30

என் பங்குக்கு ஒன்று. நான் டேலியும் எக்செலும் மட்டும்தான். 24 அங்குலம், 1920×1080, 100 சதவீதம். அங்குலத்துக்கு 92 பிக்சல், விண்டோஸ் நினைக்கும் 96க்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. ஸ்கேலைக் கூட்டினால் எனக்கு வரிசைகள் குறைந்துவிடும், பேரேட்டை மேலும் கீழும் உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும். எண்களை வாசிக்க இந்தத் திரை எனக்கு ஆறு வருடமாகப் போதுமானதாக இருக்கிறது. 4கே, 5கே என்று பிக்சல் கூடிய திரைகளுக்குச் செலவழிக்கத் தேவையில்லை என்பது என் கருத்து. அக்காவும் 27ஐக் கொடுத்துவிட்டு 24 வாங்கினாலே போதும். அதே 1080தான், ஆனால் பிக்சல் நெருக்கமாக இருக்கும்.


பனைமரக்காடு | திங்கள், மாலை 6.10

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். பத்திரிகை ஒன்றில் பக்க வடிவமைப்பு. அக்காவின் "நிதி, நீதி" கதையைப் படித்ததும் மனம் கனத்துவிட்டது. எங்கள் நாட்டில் நிதி அமைச்சர் ஒருவர், நீதி அமைச்சர் இன்னொருவர். அந்த ஒரு சுழி மாறினால் செய்தியே வேறொருவருடையதாகிவிடும். இரவு 11 மணிக்குக் கணனித் திரையில் அந்தச் சுழியைத் தேடுகிற பயம் எனக்குத் தெரியும்.

கணக்குப்பிள்ளை அண்ணா சொன்னது எண்ணுக்குச் சரி, ஆங்கிலத்துக்கும் பெரும்பாலும் சரி. தமிழுக்குப் பிக்சல் கூடுதலாக வேண்டும். 12 பாயிண்ட் எழுத்துக்கு 100 சதவீதத்தில் மேலிருந்து கீழாகக் கிடைப்பது 16 பிக்சல். ஆங்கிலச் சிற்றெழுத்தில் பெரும்பாலானவை ஒரு கோடு, ஒரு வளைவு என்று முடிந்துவிடும். தமிழில் அந்த 16க்குள்ளேயே மேலே புள்ளிக்கோ மேல்விலங்குக்கோ (இகர, ஈகாரக் குறி) இடம் விட வேண்டும், கீழே உகர ஊகாரங்கள் தொங்குவதற்கும் இடம் வேண்டும். நடுவில் எஞ்சும் ஏழெட்டுப் பிக்சலுக்குள் ண வுக்கு மூன்று சுழி, ன வுக்கு இரண்டு சுழி. மேல்விலங்கில் சுழி இருக்கிறதா இல்லையா என்பது அங்கே ஒரு பிக்சலின் சாயல்தான். "பனி" எது, "பணி" எது என்று நாம் பார்ப்பதில்லை, சொற்றொடரை வைத்து ஊகிக்கிறோம். வாசகருக்கு அது போதும். மெய்ப்பு பார்ப்பவர் ஊகித்தால் பிழை தப்பிவிடும்.

அதனால் அக்காவுக்கு 24 அங்குல 1080 முழுத் தீர்வாகாது. பிக்சல் நெருங்கும், எழுத்து சிறுக்கும், ஒரு எழுத்துக்குக் கிடைக்கும் பிக்சல் எண்ணிக்கை அதே 16தான்.


திருப்புளி | திங்கள், இரவு 9.00

பனைமரக்காடு சொன்னதை எத்தனையோ பேருக்கு விளக்க முயன்றிருக்கிறேன், இவ்வளவு தெளிவாக எனக்குச் சொல்ல வந்ததில்லை. மிக்க நன்றி.

கணக்கோடு கொஞ்சம் சேர்த்துவிடுகிறேன். நல்ல பார்வை உள்ள கண், அதாவது கண் மருத்துவர் 6/6 என்று எழுதித் தருவது, ஒரு பாகையை அறுபதாகப் பங்கிட்டால் வரும் ஒரு பங்கு அளவுக்கு நுணுக்கமாகப் பிரித்துப் பார்க்கும். 60 செ.மீ. தூரத்தில் அது 0.17 மி.மீ. 27 அங்குல 1080 திரையில் ஒரு பிக்சல் 0.31 மி.மீ. அப்படியென்றால் பிக்சலின் படிக்கட்டு கண்ணுக்குத் தெரிந்தே தீரும், அது மறைய ஒரு மீட்டருக்கு மேல் தள்ளி உட்கார வேண்டும். 24 அங்குல 1080 என்றால் 0.277 மி.மீ., 95 செ.மீ. தள்ள வேண்டும். 27 அங்குலத்தில் 2560×1440 என்றால் 0.233, 80 செ.மீ. 27 அங்குல 4கே என்றால் 0.155 மி.மீ., 53 செ.மீ. தூரத்திலேயே படிக்கட்டு மறைந்துவிடும். மேசையில் நாம் வழக்கமாக உட்காரும் தூரத்தில் எழுத்து அச்சுப்போல் தெரிய வேண்டுமானால் இந்தப் பட்டியலில் கடைசியில் உள்ளதுதான் எட்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 4கே என்பது 3840×2160, இரண்டு பக்கமும் 1080 திரையின் சரியாக இரு மடங்கு. அதே 27 அங்குலத்தில் 4கே வாங்கி ஸ்கேல் 200 வைத்தால், எழுத்தின் உயரம் நீங்கள் 100 சதவீதத்தில் பார்த்த அதே உயரம். ஆனால் முன்பு 16 பிக்சலில் வரைந்த எழுத்து இப்போது 32இல். பரப்பில் பார்த்தால் நான்கு மடங்கு பிக்சல். ஈகாரச் சுழிக்கு அப்போதுதான் சுழியாக வரைய இடம் கிடைக்கும்.

அக்கா, கண்ணிலிருந்து திரைவரை எத்தனை செ.மீ. என்று ஓர் அளவுநாடா வைத்துப் பாருங்களேன்.


மெய்ப்புப்பேனா | செவ்வாய், காலை 9.15

எச்டிஎம்ஐ கேபிள் நேற்று மாலை வந்தது. கறுப்பு கறுப்பாகவே தெரிகிறது! இத்தனை மாதம் ஏன் யாரும் சொல்லவில்லை என்று வருத்தமாக இருந்தது.

தூரம் அளந்தேன். நிமிர்ந்து உட்கார்ந்தால் 65 செ.மீ. ஆனால் வேலையில் மூழ்கியதும் முன்னால் சாய்ந்துவிடுகிறேன், பேத்தியை விட்டு அளக்கச் சொன்னதில் 44 வந்தது. கண்ணாடி போட்டிருக்கிறேன், தூரத்துக்கும் கிட்டத்துக்கும் கோடு தெரியாமல் ஒன்றாகவே செய்தது. முகவாயைத் தூக்கினால்தான் திரை தெளிகிறது. கழுத்தும் பிடித்துக்கொள்கிறது.


மூக்குக்கண்ணாடி | செவ்வாய், மதியம் 12.40

அம்மா, கோவையில் கண்ணாடிக் கடையில் பார்வைப் பரிசோதனை செய்பவள் நான். கழுத்து வலிக்குக் காரணம் மானிட்டர் இல்லை.

உங்களுக்கு இருப்பது வெள்ளெழுத்து. 40 வயதுக்கு மேல் கண் வில்லை இறுகி, கிட்டத்தில் குவிப்பது எல்லோருக்கும் குறையும். நீங்கள் போட்டிருப்பது புரோகிரெசிவ் கண்ணாடி. அதில் மேல்பகுதி தூரத்துக்கு, அடிப்பகுதி புத்தகம் வாசிக்க. கணினித் தூரத்துக்கான இடம் நடுவில் ஒரு குறுகிய வாய்க்கால் போலத்தான் இருக்கும். 27 அங்குலத் திரையின் அகலம் 60 செ.மீ. அவ்வளவு அகலத்தை அந்த வாய்க்கால் வழியாகப் பார்க்கத் தலையை இப்படியும் அப்படியும் திருப்ப வேண்டும். மேல்வரியை வாசிக்க முகவாயைத் தூக்க வேண்டும். கழுத்து பிடிக்காமல் என்ன செய்யும்?

புத்தகம் வாசிக்கும் 40 செ.மீ. தூரத்துக்குக் கண்ணுக்கு வேண்டிய குவிப்புத்திறன் 2.5 டயாப்டர் (வில்லையின் திறனை அளக்கும் அலகு). 65 செ.மீ.க்கு ஏறக்குறைய 1.5 போதும். ஒரு டயாப்டர் வித்தியாசம் சின்ன விஷயம் இல்லை. வாசிக்கும் பகுதி வழியாகத் திரையைப் பார்க்கும்போது தெளிவு வேண்டி உடல் தானாக முன்னால் போகிறது, உங்கள் 44 செ.மீ. அப்படி வந்ததுதான். திரையின் தூரத்தை அளந்து எழுதிக்கொண்டு போய், அந்தத் தூரத்துக்கென்றே தனியாக ஒரு கண்ணாடி எழுதித் தரக் கேளுங்கள். நடக்கும்போது அதைப் போட வேண்டாம், மேசையிலேயே வைத்துவிடுங்கள். மானிட்டரின் மேல்விளிம்பு கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருக்கட்டும்.

திரையை உற்றுப் பார்க்கும்போது கண் சிமிட்டுவது குறைந்துவிடும், அதனால் கண் உலர்ந்து எரியும். 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடி தள்ளி இருக்கும் எதையாவது 20 விநாடி பாருங்கள், மாடி வீடென்றால் ஜன்னலுக்கு வெளியே ஒரு மரம் போதும். வெளிச்சத்துக்கு ஒரு வழி: திரைக்குப் பக்கத்தில் வெள்ளைத்தாள் ஒன்றைப் பிடியுங்கள். திரையின் வெள்ளை விளக்குப் போல எரிந்தால் பிரைட்னஸ் அதிகம், தாள் அளவுக்குக் குறையுங்கள்.


பெங்குயின் | செவ்வாய், மாலை 4.20

லினக்ஸில் இருப்பவர்கள் யாராவது படித்தால்: க்னோம் என்ற திரைமுகப்பில் 125, 150 என்று இடைப்பட்ட ஸ்கேலிங்கில் மங்கலாகத் தெரிந்தால், ஸ்கேலை 100இலேயே வைத்துக்கொண்டு டுவீக்ஸ் செயலியில் எழுத்துருவின் ஸ்கேலிங் காரணியை மட்டும் 1.25 ஆக்குங்கள். எழுத்து கூர்மையாகப் பெரிதாகும், படங்களும் ஐகான்களும் பழைய அளவிலேயே இருக்கும். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துரு போட்டுக்கொண்டால் என் கண்ணுக்கு மிக நன்றாக இருக்கிறது.


தோபாயோவாசி | செவ்வாய், இரவு 8.50

சிங்கப்பூரிலிருந்து. மேக் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு சொல். 2018இல் வந்த மொஹாவே பதிப்பிலிருந்து ஆப்பிள், பிக்சலுக்குள் இருக்கும் சிவப்பு, பச்சை, நீலக் கீற்றுகளைப் பயன்படுத்தி எழுத்தைச் செதுக்கும் முறையை வழக்கத்திலிருந்து எடுத்துவிட்டது. பிக்சல் நெருக்கமான திரையில் அது தெரியாது. சாதாரண 1080 மானிட்டரில் மாட்டினால் தமிழ் எழுத்து மெலிந்து வெளுத்துப்போகும். என் தங்கை தன் மடிக்கணினிதான் கெட்டுவிட்டதென்று நினைத்திருந்தாள். 27 அங்குல 4கே மாட்டி, "2560×1440 போலத் தெரியட்டும்" என்ற தேர்வை வைத்தோம், சரியாகிவிட்டது.


வாத்தியார்மகன் | செவ்வாய், இரவு 10.05

திருப்புளி அண்ணா, சொன்னபடியே செய்தேன். எது என்ன என்று அப்பாவிடம் சொல்லவில்லை. 1366×768, அப்புறம் 1920×1080உடன் 150. மாற்றிய உடனேயே "இப்போது துடைத்துவிட்டாயா?" என்று கேட்டார். திரையைத் துடைத்தேன் என்று நினைத்துவிட்டார். மூன்று வருடமாக அவர் குறை சொல்லாததை வைத்து அவருக்குச் சரியாக இருக்கிறது என்று நான் முடிவு கட்டியிருந்தது தவறு, ஒப்புக்கொள்கிறேன்.

ஒரு சிக்கல் வந்தது. 150இல் திரையின் இடம் 1280×720 அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. ஒரு பழைய மென்பொருளின் பெட்டியில் "சரி" பொத்தான் திரைக்குக் கீழே போய்விட்டது, அப்பாவால் அழுத்த முடியவில்லை. ஆகவே 125க்கு இறக்கிவிட்டு, அக்சஸிபிலிட்டியில் உள்ள எழுத்து அளவு நழுவியை (ஸ்லைடர்) மட்டும் கொஞ்சம் கூட்டினேன். உலாவியில் கன்ட்ரோலும் கூட்டல் குறியும் அழுத்த அவருக்கே கற்றுக்கொடுத்தேன். இப்போது தளத்துக்குத் தளம் அவரே கூட்டிக் குறைத்துக்கொள்கிறார்.


அச்சுக்கோர்ப்பு | புதன், காலை 11.30

சிவகாசி. முப்பது வருடமாக டிடிபி, கணினியில் பக்கம் அமைக்கும் வேலை. ஒன்று சொல்ல வேண்டும், 4கே வாங்கிய பிறகு அக்கா திண்டாடக் கூடாது என்பதற்காகத்தான்.

எங்கள் தொழிலில் இன்னும் பேஜ்மேக்கர் 7 ஓடுகிறது. 2001இல் வந்த மென்பொருள், அதற்கு ஸ்கேலிங் என்றால் என்னவென்றே தெரியாது. 150இல் வைத்தால் விண்டோஸ் அதைச் சின்னதாக வரையவைத்து, வரைந்த படத்தை இழுத்துப் பெரிதாக்கும். திரும்பவும் அதே மங்கல் வந்துவிடும். அந்த நிரலின் ஐகானில் வலது சொடுக்கி, பிராபர்ட்டீஸ், கம்பாட்டிபிலிட்டி, அதில் ஹை டிபிஐ அமைப்பு என்று போங்கள். கீழே ஒரு கட்டத்தில் டிக் போட்டால் மூன்று தேர்வுகள் வரும். "சிஸ்டம் என்ஹான்ஸ்டு" என்பது 2017 முதல் விண்டோஸ் 10இல் இருக்கிறது. அதில் பழைய நிரல்களின் எழுத்து பெரும்பாலும் கூர்மையாகவே வரும். எழுத்து இடம் மாறித் தெரிந்தால் "அப்ளிகேஷன்" என்பதைத் தேர்ந்தெடுங்கள், மெனு எல்லாம் பொடியாகிவிடும், ஆனால் பக்கம் துல்லியமாக இருக்கும்.

திரையைச் செங்குத்தாகத் திருப்பி வைக்கும் வழக்கமும் எங்களிடம் உண்டு. 24 அங்குலத் திரையின் உயரம் 29.9 செ.மீ., ஏ4 தாள் 29.7. கருவிப்பட்டைக்கும் சேர்த்து இடம் போதாது. அதையே திருப்பி வைத்தால் ஏ4 பக்கத்தை ஏறக்குறைய 140 சதவீதத்தில் முழுதாகப் பார்க்கலாம், உருட்ட வேண்டியதில்லை. 27 அங்குலத்துக்கு உயரம் 33.6 செ.மீ. என்பதால் திருப்பாமலேயே ஒரு பக்கம் நிஜ அளவில் பொருந்தும், இரண்டு பக்கங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தும் பார்க்கலாம். மெய்ப்புக்கு 27 நல்ல அளவு, அதை விட்டுவிடாதீர்கள் அக்கா.


திருப்புளி | புதன், மதியம் 12.15

திருப்பி வைப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். கிளியர்டைப் என்பது பிக்சலின் மூன்று நிறக் கீற்றுகளும் பக்கவாட்டில் அடுக்கியிருக்கின்றன என்று நம்பி எழுத்தை வரைகிறது. திரையைத் திருப்பினால் கீற்றுகள் மேலும் கீழுமாகிவிடும், எழுத்தோரத்தில் சிவப்பும் நீலமும் எட்டிப் பார்க்கும். 1080 திரையில் அது நன்றாகவே தெரியும். அப்போது கிளியர்டைப்பை அணைத்துப் பார்ப்பது நல்லது. 4கே திரையில் கீற்று அவ்வளவு பொடி என்பதால் கவலை இல்லை.


கணக்குப்பிள்ளை | புதன், இரவு 7.40

என் அலுவலக வேலையை வைத்து எல்லோருக்கும் ஒரே அளவைச் சொல்லிவிட்டேன், பனைமரக்காடு எழுதியதைப் படித்த பிறகு யோசித்தேன். தமிழ்ச் சான்றிதழ் ஒன்றை என் திரையில் திறந்து ண, ன பார்த்தேன். உண்மைதான், 100 சதவீதத்தில் எனக்கும் சுழியை எண்ண முடியவில்லை.

ஒரு சந்தேகம். வீட்டில் 32 அங்குல டிவி சும்மா இருக்கிறது. அதை மானிட்டராக வைத்தால் எழுத்து பெரிதாக இருக்குமே?


திருப்புளி | புதன், இரவு 8.10

அண்ணா, வேண்டாம். முதலில் அது எத்தனை பிக்சல் என்று பாருங்கள். 32 அங்குலத்தில் "எச்டி ரெடி" என்று விற்றவை பெரும்பாலும் 1366×768, அங்குலத்துக்கு 49 பிக்சல். சோபாவிலிருந்து படம் பார்க்க நன்றாக இருக்கும், மேசையில் வைத்தால் எழுத்து கட்டம் கட்டமாகத் தெரியும். 43 அங்குல 4கே டிவி என்றால் அங்குலத்துக்கு 102 வரும், தள்ளி உட்கார இடம் இருந்தால் அது பரவாயில்லை. ஆனால் டிவி நிற விவரத்தைச் சுருக்கிக் காட்டும் பழக்கம் உள்ளது, சிவப்பு எழுத்து நீலப் பின்னணியில் கரைந்து ஓடும். உள்ளீட்டின் பெயரை "பிசி" என்று மாற்றினால் பல டிவிகளில் அது சரியாகும். ஓரம் வெட்டுப்பட்டால் படத்தின் அளவைத் திரைக்குச் சரியாகப் பொருந்தும்படி வையுங்கள்.


மெய்ப்புப்பேனா | ஞாயிறு, மாலை 5.30

ஒரு வாரமாகச் சொன்னதையெல்லாம் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

கண்ணாடி வியாழக்கிழமை கைக்கு வந்தது, 65 செ.மீ. தூரத்துக்கு. போட்ட அன்றே முகவாய் இறங்கிவிட்டது. பேத்தி இன்று மறுபடி அளந்தாள், வேலையில் மூழ்கியிருந்தபோதே 63. மூக்குக்கண்ணாடி, உங்கள் கைக்கு ஆயிரம் கும்பிடு அம்மா.

மகனின் நண்பர் ஒருவர் தன் 27 அங்குல 4கேவை இரண்டு வாரம் வைத்துப் பார்க்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். முதலில் எச்டிஎம்ஐயில் மாட்டினோம், மவுஸ் அம்பு தத்தித் தத்திப் போனது, பக்கத்தை உருட்டினால் தலை சுற்றியது. திருப்புளி தம்பிக்குத் தனிமடல் அனுப்பினேன். என் சிபியுவின் எச்டிஎம்ஐ 1.4 வகை, அதில் 4கே விநாடிக்கு 30 முறைதான் புதுப்பிக்கும் என்றார். மூலை வெட்டிய துளையில் டிஸ்பிளேபோர்ட் கேபிள் மாட்டியதும் 60 ஆனது.

ஸ்கேல் 200 வைத்தேன், இடம் குறைவாக இருந்தது. 150இல் எழுத்து சிறிது. 175இல் நின்றுவிட்டேன். பிடிஎஃபை மட்டும் பக்க அகலத்துக்கு விரித்துக்கொள்கிறேன்.

பிழை விட்ட அந்த நூலின் கோப்பையே திறந்து அந்தப் பக்கத்துக்குப் போனேன். நீதியின் சுழி தனியாக, உள்ளே வெள்ளை தெரிய நிற்கிறது. அதே பத்தியில் "மனம்" என்று இருக்க வேண்டிய இடத்தில் "மணம்" என்று இன்னொன்றும் இருந்தது. அதை நான் மட்டுமல்ல, நூலாசிரியரும் பார்க்கவில்லை. இரண்டையும் அடுத்த பதிப்புக்காகக் குறித்து அனுப்பிவிட்டேன்.

அச்சுக்கோர்ப்பு அண்ணா, ஒரு பதிப்பகம் பேஜ்மேக்கர் கோப்பாகவே அனுப்புகிறது. என்ஹான்ஸ்டு வைத்தேன், எழுத்து கூர்மையாக வருகிறது, ஆனால் அடிக்குறிப்புகள் மட்டும் பாதி வெட்டித் தெரிகின்றன. கோப்பு கெட்டுவிட்டதா?


அச்சுக்கோர்ப்பு | ஞாயிறு, மாலை 6.05

கோப்புக்கு ஒன்றும் ஆகாது அக்கா, திரையில் வரைவதில்தான் கோளாறு. "அப்ளிகேஷன்" என்ற தேர்வுக்கு மாற்றி, நிரலை மூடித் திறந்து, பக்கத்தை 200 சதவீதத்தில் பாருங்கள்.


மெய்ப்புப்பேனா | ஞாயிறு, மாலை 6.25

மாற்றினேன். மெனு பொடியாகிவிட்டது, பரவாயில்லை, அது எனக்கு மனப்பாடம். அடிக்குறிப்பு முழுதாகத் தெரிகிறது, 8 பாயிண்டிலும் ண வின் மூன்று சுழியை எண்ண முடிகிறது. நாளை காலை 12ஆம் பக்கத்திலிருந்து தொடங்குகிறேன்.